வீடில்லாதவருக்கு வதிவிடச் சான்றிதழ்

கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் போட்டோ கொப்பிக் கடை வைத்து, பக்கத்திலேயே படிவமும் நிரப்பிக் கொடுப்பவன் நான். அந்தத் திமிரில்தான் பஸ் தரிப்பிடத்தில் படுத்திருந்த பழைய சிப்பாயின் விஷயத்தில் மூக்கை நுழைத்தேன்.

கண்ணிவெடியில் அவருக்கு இடது பாதம் போனது. பிறகு குடும்பமும் விலகி, வீடும் இல்லாமல் போனது. சிங்களவர். வடக்கில் இருந்தபோது பழகிய யாழ்ப்பாணத் தமிழில் என்னோடு பேசுவார். மழை ஈரத்தில் காலில் புண் வந்துவிட்டது. ஈரமில்லாத இடத்தில் படுக்காவிட்டால் இன்னும் மேலே வெட்ட வேண்டிவரும் என்று பேராதனை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முன்னாள் படைவீரர் விடுதியில் ஒரு கட்டில் கேட்டோம்.

விண்ணப்பத்துக்கு வதிவிடச் சான்றிதழ் வேண்டுமாம். வீடில்லை என்பதற்காக விண்ணப்பிப்பவரிடம் வீட்டு விலாசம் கேட்கிறார்கள்! சான்றிதழ் கொடுக்கிற கிராம சேவகரிடம் போனால், “பஸ் தரிப்பிடத்தை விலாசமா போட ஏலாதுங்க” என்றார். மூன்று தடவை அலைந்து எனக்கு வெறுத்துவிட்டது. கடைசியில், என் கடையின் பின்னறையில் அவர் தங்கியிருப்பதாக நானே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? “குடும்பத்தில் ஒருவராகவே பராமரித்து வருகிறேன்” என்றும் சேர்த்தேன். பத்து நிமிடத்தில் சான்றிதழ் வந்தது.

மூன்று மாதம் கழித்துப் பதிலும் வந்தது. விண்ணப்பதாரருக்கு வசிப்பிடமும் பாதுகாவலரும் இருப்பதால் கட்டில் தர முடியாது.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு விடுதி அலுவலகத்துக்கு ஓடிக் கத்தினேன். அங்கிருந்த அம்மா கோப்பைத் திருப்பிக் காட்டினார்.

“இது நீங்க வச்ச கையெழுத்துதானே?”

“அது சும்மா எழுதுனதுங்க!”

“அப்ப பொய் சொல்லியா சான்றிதழ் எடுத்தீங்க?”

கடிதத்தை மடித்துக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். சிப்பாய் கடை வாசலில் கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தபடி கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கோபமே வரவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

“முதலாளி, அந்தப் பின்னறை மெய்யாவே இருக்குதோ?” என்று கேட்டார்.

இருக்கிறது. கடதாசி நனைந்துவிடக் கூடாதென்று தரைக்குப் பலகை போட்டு, கூரையை இரண்டு தடவை திருத்தி வைத்திருக்கிறேன்.

“சாமான் நெறஞ்சிருக்குங்க” என்றேன்.