விட்டுப்போன ‘எ’

‘மெனி’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பஞ்சு கேட்டு வந்த சீட்டைச் சன்னல் வழியாக நர்ஸிடமே திருப்பித் தள்ளுகிறார் ஸ்டோர் அம்மா. "பஞ்சை எண்ணுவியாம்மா நீ? ஒண்ணு ரெண்டுன்னு எண்ண முடிஞ்சா மெனி. அள்ளத்தான் முடியும்னா மச். வேற எழுதிட்டு வா."

"பஞ்சு உருண்டைதான் கேக்குறேன் அம்மா."

"அப்ப உருண்டைன்னு எழுது."

மருத்துவமனையின் பொருள் கிடங்கில் அவருக்கு இது இருபத்திரண்டாவது வருடம். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். வீட்டிலும் இதே கதைதான். என்ன யோசனை என்று மருமகள் கேட்டால், "பிரச்சினை மெனி, கவலை மச்" என்பார், விவரம் சொல்லமாட்டார்.

ஆறு வருடங்களுக்கு முன், கையுறைகள் தீரப்போகிற நேரத்தில், ‘எ ஃபியூ’ பெட்டிகள் இருப்பதாகத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். வெறும் ‘ஃபியூ’ என்றால் அநேகமாக இல்லை என்று பொருள். முன்னால் ‘எ’ சேர்ந்தால், கொஞ்சம் கைவசம் இருக்கிறது என்றாகிவிடும். இருக்கிறதே என்று அவர்களும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். நான்கு நாள் ஆபரேஷன் நடக்கவில்லை. "ஒத்தை எழுத்து என் மானத்தை வாங்கிடுச்சு" என்றவர், நாற்பத்தொன்பது வயதில் ஆங்கில வகுப்பில் போய்ச் சேர்ந்தார்.

போன வருடம் அவர் கணவருக்கு நிமோனியா. அதே மருத்துவமனையில்தான் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் காலை, ‘லிட்டில் இம்ப்ரூவ்மென்ட்’ என்று டாக்டர் கட்டிலில் தொங்கிய அட்டையில் எழுதிவிட்டு நகர்ந்தார். தேறுதல் அநேகமாக இல்லை என்று அதற்கு அர்த்தம். அம்மா அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

"டாக்டர், இதுல ‘எ’ விட்டுப்போச்சா, வேணும்னே போடலையா?"

"எந்த ‘எ’?"

"லிட்டிலுக்கு முன்னாடி."

"அவசரத்துல எழுதினதும்மா. ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல டாக்டர். ‘எ’ இருந்தா இவர் வீட்டுக்கு வருவார்."

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். திரும்பி வந்து, கட்டிலில் கிடந்தவரின் நாடியைப் பிடித்தார். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். இரண்டு நிமிடம் இருக்கும். அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறந்து ‘எ’ போட்டார்.

அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அந்த ‘எ’யைப் பார்த்தார். குரல் கிடங்குக் குரலாகவே வந்தது. "திருத்தத்துக்குப் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

பன்னிரண்டாம் நாள் கணவர் வீடு திரும்பினார். இப்போதெல்லாம் மாலை நடைக்குக் கிளம்புகிறவர், ஐந்து மணிக்குக் கிடங்கு வாசலில் வந்து நிற்கிறார். கூப்பிடமாட்டார், தொண்டையை மட்டும் செருமுவார்.

இன்று அந்தச் செருமல் கேட்டபோது அம்மா ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஐம்பத்தேழு வரை வந்திருந்தது. மீதியை எண்ணாமல் பெட்டியை அப்படியே மூடி வைத்துவிட்டு, விளக்கை அணைத்தார்.