சங்கத்தில் நான் சொன்ன விளக்கம்

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். மட்டாஞ்சேரி கிடங்கு ஒன்றில் சுக்கு தரம் பிரிக்கும் வேலை. மாதவிலக்கு வந்தால் வலியில் சுருண்டுவிடுவேன், குழந்தையும் இல்லை. மாமியார் வலியை நடிப்பு என்பார். மூட்டை தூக்கியதாலா, புளி தின்றதாலா என்று நானும் பயந்துகொண்டே இருப்பேன்.

வயிற்றில் அறுவை செய்து பார்த்த மலையாளி டாக்டரம்மாதான் காரணம் சொன்னார்.

"மோளே, உன் குத்தம் ஒண்ணுமில்ல கேட்டோ. கர்ப்பப்பை உள்தோல்ல செல்லுங்க ஒண்ணையொண்ணு பிடிச்சு நிக்கறது சில புரதங்களாலதான். அந்தப் பிடி தளர்ந்தா செல்லு விட்டுப்போயி வேற இடத்துல ஒட்டும். மாசாமாசம் அங்கயும் ரத்தம் கசியும். அதான் வலி. குழந்தை தங்காததும் அதனாலதான்."

வீட்டில் சொன்னேன். கணவர் கவனமாகக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை சாதிச் சங்கத்துல பெரியவங்க கூடுறாங்க. இதை அப்படியே அவங்ககிட்டயும் சொல்லு."

என்னை நம்பிவிட்டார் என்று பூரித்துப்போனேன். மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் வேலைக்கு நடுவிலும் முணுமுணுத்துப் பார்த்தேன்.

சங்கத்தில் திக்காமல் சொன்னேன். தலைவர் கணவரைப் பார்த்தார்.

"கோளாறு தன் உடம்புலதான்னு பொண்ணே ஒத்துக்கிடுச்சு. கல்யாணத்தை அத்துவிட்டுரலாம். நீ வேற பொண்ணு பாருப்பா."

"பாடம் நல்லாத்தான் படிச்சிருக்கா" என்றார் மாமியார். சிலர் சிரித்தார்கள்.

இதற்காகத்தான் கணவர் என்னைப் பேச வைத்தார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அதுவரை, அவர் எழுந்து வருவார் என்று வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு காத்து நின்றேன்.

உண்மையைச் சொன்னால் போதும் என்ற நினைப்பு அன்றோடு போயிற்று. இப்போதெல்லாம் வலிக்கிறது என்று சொல்வதற்கு முன்னால், யாரிடம் சொல்கிறேன் என்ற கவலைதான் வருகிறது.