நான்காவது கட்டத்தில் நான்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நெய்வேலியில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. அப்போது நான் தொலைதூரக் கல்வியில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டு அதன் பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து ஆகியவற்றை நான்கு கட்டங்களில் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நிறுவனத்துக்கு நான் எங்கே போவேன்? கட்டிய புருஷனையே நிறுவனமாக்கிவிட்டேன்.

அவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பழுப்பு நிலக்கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட் அறுந்தால், ரப்பர் வைத்துச் சூடேற்றி ஒட்டுகிற வேலை. அதில் ஆள் கில்லாடி, பரீட்சையில்தான் மண்டு. பர்மனென்ட் வேலைக்கான எழுத்துத் தேர்வில் மூன்று தடவை கோட்டை விட்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான்காவது தடவை. வயது வரம்பு நெருங்கிவிட்டதால் அதுவே கடைசி.

எனக்கு அந்த பர்மனென்ட் மேல் அப்படி ஒரு வெறி. அப்பா பர்மனென்ட் ஊழியர் என்பதால் சுரங்கக் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸிலேயே வளர்ந்தவள் நான். அவர் ரிட்டயராகி வீட்டுச் சாவியை ஒப்படைத்த அன்றே, மறுபடி ஒரு குவார்ட்டர்ஸில் குடியேறிக் காட்டுகிறேன் என்று சபதம் போட்டேன். டவுன்ஷிப்புக்கு வெளியே வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பொழுது விடிந்தால் போதும், இவரிடம் அதே பாட்டுதான்.

கட்டங்களை நிரப்ப உட்கார்ந்தேன். பலவீனம் மளமளவென்று வந்தது. வாய் திறக்க மாட்டார். பக்கத்து ஆலைகளிலிருந்து யார் கூப்பிட்டாலும் லீவு நாளில்கூடக் காசு வாங்காமல் சும்மா போய் பெல்ட் ஒட்டிக்கொடுப்பார். பரீட்சை என்றால் உதறல். பலத்தில் ‘பெல்ட் ஒட்டுவார்’ என்று ஒரே வரி. வாய்ப்பில் ‘ஞாயிற்றுக்கிழமை தேர்வு’. ஆபத்துக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்படியே வைத்துவிட்டுக் காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனேன்.

திரும்பி வந்தால், ஷிப்ட் முடிந்து வந்தவர் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். நான்காவது கட்டத்தில் ‘வூட்டுக்காரி’ என்று எழுதியிருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. “உங்களுக்காகத்தானே இப்படிக் கத்திக்கிட்டுக் கெடக்கேன்? நான் ஆபத்தா?” என்று எகிறினேன்.

வழக்கமாகச் சிரித்து மழுப்புகிற மனுஷன் அன்று நகரவில்லை. “ஒரு மாசமா சொல்ல பயந்துகினு கெடக்கறேன். சும்மா போயி ஒட்டிக் குடுத்தேனே, அந்த பேக்டரில மிஷின நிறுத்தி ரிப்பேர் பாக்கற ஷட்டவுன். மெயின் பெல்ட்ட நீயே ஆள் வச்சி ஒட்டிக் குடு, நல்லா ஓடுச்சின்னா இனிமே இந்த வேல உனக்குத்தான்னு சொல்றாங்க. அதுவும் இதே ஞாயித்துக்கெழம. உன் மூஞ்சியப் பாத்தா வாயே வர்ல.”

சுருக்கென்று தைத்தது. கூட்டம் முட்டி மோதுகிற இடத்தில் போய் நிற்காதே, உனக்கு மட்டும் கைவந்ததைப் பிடி என்று பாடப் புத்தகத்தில் வரிக்கு வரி கோடு போட்டு வைத்திருந்தவள் நான். பெல்ட் அறுந்தால் இந்த வட்டாரத்தில் முதல் போன் இவருக்குத்தான் வருகிறது என்பதும் தெரியும். பலவீனத்தில் நான் எழுதிய அந்தச் சும்மா வேலையே வாய்ப்பாக வந்து நின்றது. இருந்தும் சனிக்கிழமை முழுக்க உம்மென்றுதான் இருந்தேன். குவார்ட்டர்ஸை நினைத்து அழவும் செய்தேன்.

ஞாயிறு காலை ஹால் டிக்கெட்டை எடுத்து பீரோவில் போட்டுப் பூட்டினேன். “கெளம்புங்க, நேரமாச்சு” என்றேன். அவர் நம்பாமல் என்னையே பார்த்தார். அவருக்கும் கூட வந்த மூன்று பேருக்கும் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தேன்.

மனசு கேட்கவில்லை. சாயங்காலம் டீ பிளாஸ்க்கோடு ஸ்கூட்டியில் போய், கேட்டில் கெஞ்சி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு உள்ளே நின்றேன். சுவிட்சைப் போட்டார்கள். பெல்ட் ஒரு சுற்று வந்தது, இரண்டு சுற்று வந்தது. ஒட்டிய இடம் எது என்றே எனக்குத் தெரியவில்லை. மேனேஜர் வந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் விசில் அடிக்காததுதான் பாக்கி!

இன்று அந்த பேக்டரியோடு இன்னும் இரண்டு ஆலைகள் இவரைத்தான் கூப்பிடுகின்றன. இவருக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். இருப்பது இன்னமும் வாடகை வீடுதான், ஆனால் வாசலில் இவர் பெயரில் போர்டு தொங்குகிறது.

அந்த எம்.பி.ஏ. தாளில் பென்சிலில் இருந்த ‘வூட்டுக்காரி’யை அழிக்காமல், அதன் மேலேயே அதே வார்த்தையை நானே பேனாவால் எழுதி அனுப்பினேன். நல்ல மார்க் வந்தது. இப்போது பத்தாவது படிக்கும் எங்கள் மகள், பிளஸ் ஒன்னில் என்ன குரூப் எடுக்கலாம் என்று பேச்செடுத்தால், வாயைத் திறப்பதற்கு முன் நான் எந்தக் கட்டத்தில் நிற்கிறேன் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.