கசக்காத காபி

சென்ற ஆண்டு நெஞ்சுப் படபடப்பென்று அரியலூரில் ஒரு டாக்டரிடம் போனேன். "ஒரு நாளைக்கு ஒரு காபி போதும்மா, காலையில மட்டும்" என்றார். நான்கு டம்ளர் ஃபில்டர் காபி குடித்துப் பழகியவளுக்கு இரண்டே நாளில் தலைவலி மண்டையைப் பிளந்தது.

செந்துறையில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு டீச்சர் வருகிறார். என் தோழி. துபாயில் காபிக் கடையில் வேலை பார்க்கும் அவர் கணவர் அப்போது லீவில் வந்திருந்தார். என் நிலையைப் பார்த்த டீச்சர், மறுநாள் ஒரு பாட்டிலை நீட்டினார்.

"அடுப்புலயே வைக்காத காபிங்க. பொடியப் பச்சத் தண்ணியில ஊறவச்சு அவங்க வடிகட்டுனது. கொஞ்சம் குடிச்சுப் பாருங்க."

கசப்பே இல்லை. கொதிக்காத தண்ணீரில் என்ன வீரியம் இறங்கிவிடப்போகிறது என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். மதியத்துக்குள் பாட்டில் காலி.

அன்று வராத ஆசிரியரின் வகுப்பையும் கேட்டு வாங்கி நடத்தினேன். "மெதுவாச் சொல்லுங்க டீச்சர்" என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். மாலை பஸ்ஸில், முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடம் என் கல்யாணக் கதையை அரியலூர் வரை சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் நெஞ்சு தடதடப்பது தெரிந்தது. பயந்துபோய் டீச்சருக்குப் போன் செய்தேன். அவர் கணவர் வாங்கிப் பேசினார்.

"எதுவும் கலக்காம அப்படியேவா குடிச்சீங்க?"

"ஆமா தம்பி. கசக்கவே இல்லையே!"

"யா அல்லாஹ்! அது நாலு பேருக்கு உள்ளது அக்கா. தண்ணியோ பாலோ ஊத்திக் குடிக்கணும். சூடு இல்லாததால கசப்பு கம்மி, அவ்வளவுதான். அவ்வளவு பொடி ராத்திரி பூரா ஊறுனா, காஃபீனு பச்சத் தண்ணியிலயும் எறங்கிரும்."

"அத எழுதி ஒட்டுனா என்னவாம்?" என்று பின்னாலிருந்து டீச்சர் அவரைத் திட்டுவது கேட்டது. பயத்திலும் சிரித்துவிட்டேன்.

மறுநாள் டாக்டரும் சிரித்தார். பிறகு நன்றாகத் திட்டினார். கடைசியில், காலையில் போட்ட அதே பொடியில் இரண்டாவதாக இறக்கும் டிகாக்‌ஷனில் மதியம் அரை டம்ளருக்கு அனுமதி வாங்கினேன். முதல் டிகாக்‌ஷனோடு காஃபீன் பெரும்பாலும் போய்விடுவதால் அதில் மிச்சம் கொஞ்சம்தானாம். தலைவலி ஒரு வாரத்தில் விட்டது.

டீச்சரின் கணவர் துபாய் திரும்புமுன் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர் ஃபில்டர் சொட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்க மெஷின்ல அரை நிமிஷத்துல எறங்கிருதுக்கா. ஆனா இந்த மணம் இல்ல" என்றவர், இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார்.