கண்ணாடி போட்ட மலை

ஓய்வு பெற்றபின் திருவெறும்பூர் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த என்னை ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டவள் என் மனைவிதான். தனியாகப் போக வெட்கமாக இருந்ததால் அவளையும் சேரச் சொன்னேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடியில் சனிக்கிழமை தோறும் வகுப்பு. குவாஷ் என்ற வண்ணம். தண்ணீரில் குழைத்துக் கெட்டியாகப் பூச வேண்டும். காய்ந்த பிறகும் ஈர விரல் பட்டால் கரைந்து வந்துவிடும். முதல் பாடமே மலை. தூரத்து மலைக்கு வெள்ளை நிறையக் கலந்து வெளிறிய நீலம் பூச வேண்டும், கிட்டே வர வர நிறம் அழுத்தமாக வேண்டும் என்றார்கள். தொழிற்சாலையில் காலமெல்லாம் இரும்பை அராவிய எனக்கு விளிம்பு தெரியாத மலை பிடிக்கவில்லை. என் மலைகள் எல்லாம் ஒரே கரும்பழுப்பில் நின்றன.

"சார், இதுல தூரத்து மலை எது?" என்று கேட்டாள் டீச்சர். என் மகள் வயதுதான் இருக்கும்.

"எல்லாமே மலைதாம்மா," என்றேன்.

அவள் என் மனைவியின் தாளைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். கொள்ளிடத்துக்கு அப்பால் காலையில் மங்கலாகத் தெரியுமே, அந்த மலைகள், அசலாக இருந்தன. வகுப்பே கைதட்டியது. வகுப்பு முடிவில் நடக்கும் கண்காட்சியில் நடுச்சுவர் அதற்குத்தான் என்று முடிவாயிற்று. எனக்கு வயிறு எரிந்தது. கல்யாணமான நாள் முதல் அவளுக்கு யாரும் கைதட்டி நான் பார்த்ததில்லை, நானும் தட்டியதில்லை. அவளோ அண்ணன் வீடு வரைக்கும் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. பூஜை முடிந்து கண்ணாடி போடக் கொடுக்கலாமென்று, படத்தைச் சாமி படங்களோடு வைத்துவிட்டு அவள் கடைக்குப் போயிருந்தாள். வீட்டு வேலைக்கு வரும் அம்மா ஈரத்துணியால் ஒவ்வொரு படமாகத் துடைத்துக்கொண்டு வந்தது.

"சார், இதையும் தொடைச்சிடவா?"

பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தேன். எது என்று நன்றாகத் தெரிந்தது.

"தொடைங்க," என்றேன்.

இரண்டே இழுப்பில் மலை போயிற்று. அந்த அம்மா பதறி நின்றது. நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மனைவி வந்து பார்த்தாள். அழவில்லை, யாரையும் திட்டவில்லை. டீச்சருக்குப் போன் செய்து, "என்னுது வீணாப்போச்சும்மா. அந்த எடத்துல எங்க வீட்டுக்காரர் படத்த வைங்க," என்றாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை.

கண்காட்சியன்று நடுச்சுவரில் என் படம், கண்ணாடிச் சட்டத்துக்குள். பக்கத்தில் பட்டுப்புடவையில் அவள். அவள் அண்ணன் குனிந்து பார்த்து, "என்ன மாப்ள இது, எருமைங்க படுத்திருக்கா?" என்றார்.

"மலைண்ணே. இவரு வரைஞ்சது," என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. வந்தவர்கள் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டினாள். எருமைப் பேச்சு கூடமெங்கும் பரவியது. மாலைவரை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "நீங்கதான் தொடைக்கச் சொன்னீங்கன்னு அந்தம்மா அன்னிக்கே சொல்லிடுச்சு."

அதன்பிறகு அவள் தூரிகையைத் தொடவில்லை. என் படத்தை, கதவைத் திறந்ததும் கண்ணில் படும் சுவரில் மாட்டியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் நான் பேப்பர் படிக்கும் நேரமாகப் பார்த்து அந்த அம்மாவைக் கூப்பிடுகிறாள்.

"இத நல்லா ஈரத்துணி போட்டுத் தொடைங்க. இது போகாது."