ரோஸியின் கைக்குத் தெரிந்தது

ரோஸி போய்விட்டாள். அவள் மகன் காலையில் போன் செய்தான். "சரிப்பா" என்றேன்.

போனை வைத்துவிட்டு ஈரத்துணியை எல்லாம் காயப்போட்டேன். இன்னும் அழுகை வரவில்லை...

அறுபதுகளின் தொடக்கம். அடுகோடி பக்கம் ஒரு சின்ன ஃபேக்டரி. நான் அசெம்ப்ளியில், அவள் கேன்டீனில். இரண்டு பேருக்கும் இருபது வயது இருக்கும்.

மெஷினில் என் வலது கை நசுங்கியது. கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை.

ஒரு மாதத்துக்குள் ஸ்க்ரூ மாட்டிக் காட்டாவிட்டால் வேலை இல்லை என்றார் சூப்பர்வைசர். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான்.

லஞ்சில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ரோஸி எதிரில் வந்து உட்கார்ந்தாள். என் கையை எடுத்து ஒவ்வொரு விரலாக அழுத்திக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"இங்கதானே?"

அங்கேதான்.

"எப்படிடி தெரிஞ்சுது?"

"தெரியல சரோஜா... கைக்குத் தெரியுது." சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்தாள். அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு தினமும் லஞ்சில் வெந்நீர் ஒத்தடம். பிசைவதற்கு ஓர் உருண்டை சப்பாத்தி மாவு. வலியில் கத்துவேன், விட மாட்டாள்.

மாதக் கடைசி. முதல் ஸ்க்ரூ கீழே விழுந்தது. இரண்டாவதை மாட்டிவிட்டேன்.

"சரி, ஹோகி கெலசா நோடம்மா" என்று, போய் வேலையைப் பார்க்கும்படி கன்னடத்தில் சொல்லிவிட்டு சூப்பர்வைசர் நகர்ந்துவிட்டார். மோதிர விரல் மட்டும் இன்றுவரை மடங்காது.

அப்புறம் தோள் பிடித்துக்கொண்டவர், கழுத்துத் திரும்பாதவர்... கேன்டீனில் ஒரே வரிசை.

ஒருநாள் பஷீர் பாய் வந்தார். பிரஸ் மெஷினில் இரண்டு விரல் போனவர். "இல்லாத விரல் வலிக்குதும்மா" என்றார். பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

ரோஸி சிரிக்கவில்லை. "எந்த விரல் பாய்?"

வெறும் இடத்தைக் காட்டினார். அவருடைய இன்னொரு கையில் அதே விரலைப் பிடித்து மெதுவாக நீவ ஆரம்பித்தாள். மணி அடித்தும் விடவில்லை.

பாய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. விபத்து நடந்த பிறகு அவர் அழுததை அன்றுதான் பார்த்தோம்.

இரண்டு வருஷத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கை கால் வராதவர்களைப் பிடித்துவிட்டுப் பழக்கிக்கொண்டு, ரிடையர் ஆகும்வரை அங்கேயே இருந்தாள்.

நாளை காலை பத்து மணிக்கு அல்சூர் சர்ச்சில் பூசை. தெரிந்தவர்கள் வாருங்கள். நான் பின் பெஞ்சில் இருப்பேன்.

போய் வா, ரோஸி.