ஐஸ் கம்பெனித் தொட்டி

எங்கள் வீட்டுப் பொருள்கள் அனைத்துக்கும் ஒரு முற்பிறவி உண்டு. பீரோ கண்ணாடியில் யார் வீட்டுக் குழந்தையோ ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் பாதி உரிந்து நிற்கும். மின்விசிறியின் இறக்கைகளில் இரண்டு வெள்ளை, ஒன்று பழுப்பு. எவர்சில்வர் குடத்தில் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மாப்பிள்ளை பெண்ணின் பெயர் பொறித்திருக்கும். குழாயடியில் யாராவது, "இது யாரு கல்யாணத்துக் குடம்?" என்று கேட்டுவிட்டால் அம்மாவின் முகம் சுண்டிப்போகும்.

எல்லாவற்றுக்கும் காரணம் அப்பாவின் மினி லாரி. கீரமங்கலம் சந்தையில் தேங்காயோ காய்கறியோ ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போவார். ஜெகதாப்பட்டினத்தில் இறக்கிவிட்டால் திரும்பும்போது வண்டி காலி. காலி வண்டியோடு ஊர் திரும்ப அப்பாவால் முடியாது. வழியில் யாரேனும் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாலோ கடையைக் கட்டிக்கொண்டிருந்தாலோ வண்டி தானாகவே நின்றுவிடும்.

"நல்ல பொருளு. ஆளுதான் மாறியிருக்கு, பொருளு அப்படியேதான இருக்கு" என்பார், இறக்கி வைக்கும்போது.

அம்மா உடனே அதைக் கழுவ ஆரம்பிப்பாள். அவள் கழுவுகிற சத்தத்திலிருந்தே அன்றைய கோபம் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வந்தது. மொட்டை மாடியில் ஒரு தொட்டி வைத்தே ஆக வேண்டும் என்று ஆனது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எதையும் கேட்டிராத அம்மா அன்று கேட்டாள்.

"தொட்டி மட்டும் புதுசா இருக்கட்டுங்க. குடிக்கிற தண்ணி."

அப்பா தலையாட்டினார். அவர் தலையாட்டியது உண்மையாகத்தான். ஆனால் அந்த வாரமே ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் கம்பெனி பழைய தொட்டிகளை வெளியே எடுத்துப் போட்டிருந்தது. சாயங்காலம் வண்டி வாசலுக்கு வந்தபோது, வண்டியின் மேல் ஒரு கறுப்புத் தொட்டி, ஜல்லிக்கட்டுக் காளையைப் போல நாலாப்பக்கமும் கயிறு கட்டப்பட்டு நின்றது. அதன் வயிற்றில் வெள்ளைப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் 'ஐஸ்' என்று எழுதியிருந்தது.

"ஐஸுன்னா சுத்தம்தான?" என்றார் அப்பா, யாரும் கேட்காமலே.

ஐஸ் சுத்தம்தான். அந்தத் தொட்டியில் கடைசியாக இருந்தது ஐஸ் அல்ல என்பது மூடியைத் திறந்ததும் தெரிந்தது. மீனுக்கும் உப்புக்கும் நடுவில் உள்ள ஒரு வாடை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. அம்மா புளியைக் கரைத்தாள், சுண்ணாம்பைக் கலக்கினாள், பிளீச்சிங் பவுடரும் வந்தது. தொட்டியின் வாய் வழியாக நுழையக்கூடிய உடம்பு வீட்டில் என்னுடையது மட்டும்தான். தம்பி நுழைவான், ஆனால் தேய்க்க மாட்டான்.

"உள்ள எறங்குத்தா. அடியில நல்லாத் தேயி" என்று அப்பா என்னைக் கக்கத்தில் பிடித்து இறக்கினார்.

உள்ளே இருட்டாகவும் சூடாகவும் இருந்தது. நான் தும்மினால் பத்துப் பேர் தும்முவதுபோலக் கேட்டது. மேலே வட்டமாகத் தெரிந்த வெளிச்சத்தில் அப்பாவின் தலையும் அம்மாவின் தலையும் மாறி மாறி வந்தன. இரண்டு தலைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

தொட்டி மாடி ஏறியது. தெருப் பூனைகள் எங்கள் வீட்டைச் சுற்றிவர ஆரம்பித்தன. ரசம் வைத்தாலும் மீன் குழம்பின் சாயல் வந்தது. மாதம் போகப் போக வாடை குறைந்ததா, எங்கள் மூக்கு பழகிவிட்டதா என்று சொல்வதற்கு வெளியாள் ஒருவர் வர வேண்டியிருந்தது.

அவர் தீபாவளிக்கு வந்தார். அம்மாவின் அண்ணன், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாமா. அவருடைய பெட்டியைத் திறந்தால் புதுசு என்பதற்கே ஒரு மணம் உண்டு என்பது தெரியும். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, துண்டோடு வெளியே வந்தவர், தன் முழங்கையை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"ஏம்மா தங்கச்சி, நல்ல நாளும் அதுவுமா மீனா எடுத்தீங்க?"

அம்மா அதிரசத் தட்டை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். மாமா அவள் பின்னாலேயே போனார். என்ன பேசினார்களோ தெரியாது. தீபாவளி முடிந்து கடை திறந்த அன்றே புதுக்கோட்டையிலிருந்து ஒரு வெள்ளைத் தொட்டி வந்து இறங்கியது. பிளாஸ்டிக் காகிதம் சுற்றி, நாடா ஒட்டி, கல்யாணப் பெண் மாதிரி. அம்மா அன்று அந்தக் காகிதத்தைப் பிரிக்கவே விடவில்லை. ஒரு பகல் முழுவதும் போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்பா வந்து பார்த்தார்.

"எதுக்கு மச்சான் இதெல்லாம்?"

"இருக்கட்டும் மாப்ள. அந்தப் பழசத் தூக்கி எங்கிட்டாச்சும் போடுங்க. எத்தன நாளைக்கு ஊரான் பொருளக் கட்டி அழுவீங்க?"

அப்பா சிரித்தார். பழைய தொட்டியை அவரே கயிறு கட்டி இறக்கினார். ஆனால் போடவில்லை. "வெடிப்பு இல்லாத தொட்டி மச்சான். யாருக்காச்சும் ஆகும். விசாரிச்சுக் குடுத்துர்றேன்" என்று வாசலில் நிறுத்தி வைத்தார். பழைய பிளாஸ்டிக் எடுக்க சைக்கிளில் வருகிறவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் தொட்டியை ஒருமுறை சுற்றிவந்து, "இத எங்க வச்சுக் கட்டுறது? அறுத்துத் துண்டாக் குடுங்க, எடுத்துக்கிறேன்" என்றார். முழுத் தொட்டியை அறுக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. போகிற ஊரிலெல்லாம் விசாரித்தார். வல்லத்திராக்கோட்டையில் ஒருவர் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் வருவார் வருவார் என்று நாள் போனது.

மாமாவைப் பார்க்க ஆள்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் தொட்டியைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். எல்லாரும் அதன் வயிற்றில் எழுதியிருப்பதைப் படித்தார்கள். சிலர் சத்தம் போட்டே படித்தார்கள். மாமாவால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போவார், தொட்டியைப் பார்ப்பார், திரும்பி வருவார்.

அப்பா கடற்கரைக்குப் போயிருந்த ஒரு பகலில், தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தொட்டியை உருட்டச் சொன்னார். அம்மா கரண்டியோடு கொல்லைக் கதவுவரை ஓடிவந்தாள்.

"அண்ணே, அவுங்க வந்துரட்டுமே."

"வரட்டும். நான் சொல்லிக்கிறேன்."

தொட்டி தடதடவென்று உருண்டது. நானும் தம்பியும் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினோம். எங்கள் கொல்லைக்குப் பின்னால் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் வரத்து வாய்க்கால். வருடத்தில் பாதி நாள் அதில் தண்ணீர் இருக்காது. ஆனால் காலியாகவும் இருக்காது. கடைப்பைகள், உடைந்த வாளிகள், கிழிந்த செருப்புகள், தீபாவளித் துணியின் அட்டைகளும் உறைகளும். எங்கள் புதுத் தொட்டியின் பிளாஸ்டிக் காகிதமும் அதற்குள் அங்கு போய்ச் சேர்ந்திருந்தது. அவற்றுக்கு நடுவில் தொட்டி போய் விழுந்தது.

சாயங்காலம் வந்த அப்பா வாசலைப் பார்த்தார். அம்மா கண்ணால் கொல்லைப் பக்கம் காட்டினாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியபோது மழை பிடித்துக்கொண்டது.

"விடியட்டுங்க" என்றாள் அம்மா.

விடிந்தும் மழை விடவில்லை. ஐப்பசி மழை, ஒரே பிடியாகப் பிடித்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. அப்பா ஜன்னலுக்கும் கொல்லைக் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தார். மாமா தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடி நடந்துகொண்டிருந்தார். அந்தச் சின்ன வீட்டுக்குள் இருவரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ளாமல் நடந்தது இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

மழை விட்ட காலையில், மேலவீட்டு அத்தையின் குரல் கேட்டது. கணவர் குவைத்தில் இருக்க, தனியாளாக நின்று விவசாயம் பார்க்கிறவர் அவர். எங்கள் வாய்க்கால், தார்ச்சாலைக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய் வழியாகப் போகும். அதற்கு இந்தப் பக்கம் அத்தையின் நாற்றங்கால். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது நாற்றங்கால் இருந்த இடம் ஒரு செம்மண் குளமாக இருந்தது. அத்தை இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தார். குழாயின் வாயில், பாட்டிலுக்குத் தக்கை போட்டதுபோல, கறுப்புத் தொட்டி. வயிற்று எழுத்து மேலே தெரியும்படி.

அப்பா சட்டையைக் கூடக் கழற்றாமல் இறங்கினார். கயிறு கட்டி, கரையில் நின்ற நாலைந்து பேர் இழுக்க, அப்பா அடியிலிருந்து நெம்ப, தொட்டி ஒரு பெரிய ஏப்பத்தோடு வெளியே வந்தது. ஆனால் தண்ணீர் போகவில்லை. தொட்டிக்குப் பின்னால் ஊரே அடைத்துக்கொண்டிருந்தது. அப்பா கையை விட்டு விட்டு எடுத்துக் கரையில் எறிந்தார். துணிக்கடைப் பைகள், நகைக்கடைப் பைகள், சாக்குகள், சர்பத் பாட்டில்கள், பால் பாக்கெட்டுகள், ஒரு பிள்ளையின் தண்ணீர் பாட்டில். கரையில் நின்றவர்கள் ஒவ்வொன்றையும் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றையும் அடையாளம் தெரியவில்லை. யாருடையது என்று காட்டும் எழுத்து தொட்டியில் மட்டும்தானே இருந்தது.

"யாரு தொட்டி இது?" என்றார் அத்தை, தெரிந்துகொண்டே.

"என்னுதுதாங்க்கா" என்றார் அப்பா.

"இங்க கொண்டாந்து போட்டது யாரு?"

அப்பா முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மழை விட்டும் குடையை மடக்காமல் கரையில் நின்ற மாமா, போனில் எதையோ உற்றுப் பார்த்தார். அப்போது எனக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"நான்தான் அண்ணி. எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்குன்னு நான்தான் உருட்டிவிடச் சொன்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவுக்கு மறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"இல்லம்மா! மாமாதான சொன்னாங்க? நீ வேணாம்னுதான சொன்ன?" என்றேன், கரை முழுவதற்கும் கேட்கும்படி.

அம்மா என் கையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் நீலமாக இருந்தது.

மாமா குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "இதுக்கு ஏன் இவ்வளவு? புது நாத்து வாங்கிக் குடுத்துட்டாப் போச்சு" என்றார்.

"நாத்து என்ன, ஒங்க சிங்கப்பூர்க் கடையில தொங்குதா தம்பி?" என்றார் அத்தை. அதற்குமேல் அவர் கத்தவில்லை. முழங்கால் அளவுக்கு வடிந்திருந்த தண்ணீரில் குனிந்து, சேற்றோடு வந்த ஒரு பிடி நாற்றை எடுத்துப் பார்த்து, அதே இடத்தில் விட்டார். அது கத்தியதைவிட மோசமாக இருந்தது.

அப்பா அன்று மதியம் சாப்பிடாமலே வண்டியை எடுத்தார். நட்டு முடித்த ஊர்களில் மிச்சம் விழுந்த நாற்று எங்கே கிடக்கிறது என்று விசாரித்துக்கொண்டே போனார். அப்படி விசாரிப்பதில் அவருக்கு இருந்த அனுபவம் வேறு யாருக்கும் இல்லை. மறுநாள் வண்டி நிறைய, கட்டுக்கட்டாக முடிந்த நாற்று முடிகள் வந்தன. ஓர் ஊரில் கொஞ்சம், இன்னோர் ஊரில் கொஞ்சம். அத்தை முடிகளைப் பிரித்து, இது என்ன ரகம், அது என்ன ரகம் என்று முகத்தைச் சுளித்தார். நட்டார். அந்த வருடம் அவர் வயலில் பயிர் ஒரு பக்கம் உயரமும் ஒரு பக்கம் குட்டையுமாக நின்றது. விளைந்தது.

தொட்டியை அப்பா ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். அடிப்பாதியை அத்தை தன் மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கக் கேட்டு வாங்கிக்கொண்டார். மேல்பாதி துண்டுகளாகிச் சைக்கிள்காரரிடம் போனது. கரையில் கிடந்த குப்பையை யாரும் தொடவில்லை. அதையும் அப்பாதான் வண்டியில் ஏற்றினார். போகிற இடமெல்லாம், "இங்கிட்டுக் கொட்டாதீங்க" என்றார்களாம். அது எங்கள் வண்டியிலேயே வாசலில் நின்றது, சந்தைக்குப் போனது, திரும்பி வந்தது. ஒருநாள் வண்டி காலியாக வந்தது. எங்கே போட்டார் என்று அப்பா சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

மாமா ஊருக்குக் கிளம்பும்போது எனக்கு மட்டும் ஒரு மிட்டாய் டப்பா கூடுதலாகக் கொடுத்து, "இவ பொழச்சுக்குவா" என்றார். நான் உண்மையைச் சொன்னதற்கான பரிசு அது என்று நம்பி, அம்மா பார்க்கும்படி உட்கார்ந்து தின்றேன்.

அடுத்த விடுமுறைக்கு அவர் வந்தபோது எங்கள் வீட்டில் தங்கவில்லை. ஆலங்குடியில் இருந்த பெரியம்மா வீட்டில் பெட்டியை இறக்கினார். ஒரு மதியம் வந்து, காபி குடித்துவிட்டு, செருப்பைக் கழற்றிய சூடு ஆறுவதற்குள் போய்விட்டார். பெரியம்மா வீட்டில் சோபா, கட்டில், மெத்தை எல்லாம் புதுசு; அதனால்தான் அங்கே தங்குகிறார் என்று நான் கண்டுபிடித்தேன்.

"நாமளும் மாமாவுக்கு ஒரு புதுக் கட்டில் வாங்கிப் போடலாமாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா முறத்தில் இருந்த அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் சுத்தமாக இருந்த அந்த அரிசியை இன்னொரு முறை புடைத்தாள்.